திடீர்னு வீடு முழுக்க புழு... எங்கிருந்து வருது? போடி மலையடிவார வீடுகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"என்ன மதினி, காலங்காத்தால வெந்நிப் பானையோட வாசல்ல நிக்கிற?"

"திண்ணை பூரா புழு மதினி. நேத்து பத்து கிடந்துச்சு, கூட்டித் தள்ளுனேன். இன்னைக்குப் பாத்தா நூறு கிடக்கு. எங்கிருந்து வருதுன்னே தெரியல."

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே ஏலக்காய் மலைச்சரிவுகளிலும் மழைக்காலத்திலும் மாம்பழ சீசனிலும் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். வீடு சுத்தமாகத்தான் இருக்கும். சாப்பாடு எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் தரையில் வெள்ளையாக, பழுப்பாக நெளியும்.

அடுத்து என்ன நடக்கும்? ஒரு வீட்டில் வெந்நீர் ஊற்றுவார்கள். இன்னொரு வீட்டில் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை எடுத்துத் தெளிப்பார்கள். மூன்றாவது வீட்டில் "யாரோ ஏதோ வச்சுட்டாங்க" என்று பரிகாரத்துக்குக் கிளம்புவார்கள். மூன்றுமே பிரச்னையைத் தீர்க்காது. இரண்டாவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

புழு எங்கிருந்து வருகிறது, எது ஆபத்து, எது ஆபத்தில்லை, என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது? பார்க்கலாம்.

புழு தானா உருவாகுமா?

"அழுகினா புழு தானா வந்துரும்" என்று நம்மூரில் சொல்வது போலவே ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அதை உடைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி. 1668ல் அவர் வெளியிட்ட சோதனை ரொம்ப எளிமையானது.

சில ஜாடிகளில் இறைச்சியைப் போட்டு திறந்தே வைத்தார். சில ஜாடிகளின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த ஜாடிகளில் ஈ உட்கார்ந்தது, புழு வந்தது. துணி கட்டிய ஜாடிகளில் இறைச்சி அழுகியது. ஆனால் இறைச்சியில் புழு வரவில்லை.

அதாவது, அழுகலில் இருந்து புழு பிறப்பதில்லை. ஈயோ, அந்துப்பூச்சியோ, வண்டோ வந்து முட்டை வைத்தால்தான் புழு. உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் புழுவுக்கும் ஒரு தாய் உண்டு. அது முட்டை வைத்த இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

அப்புறம் ஏன் காரணம் தெரிய மாட்டேங்குது?

இதற்கு மூன்று விஷயங்கள் காரணம்.

முதல் விஷயம், நாள் கணக்கு. வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை வைக்கும். வாழ்நாளில் ஒரு பெண் ஈ 500 முட்டை வரை வைக்கக்கூடியது. வெயில் காலத்தில் அந்த முட்டை ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். நல்ல வெப்பம் இருந்தால் நான்கைந்து நாட்களிலேயே புழு முழு வளர்ச்சி அடையும். திங்கள்கிழமை வைத்த முட்டை சனி, ஞாயிறில் உங்கள் கண்ணில் படும். அதற்குள் அந்தக் குப்பையை நீங்கள் கொட்டியே முடித்திருப்பீர்கள். புழுவைப் பார்க்கிற நாளில் காரணத்தைத் தேடினால் கிடைக்காது. ஒரு வாரம் பின்னால் போய் யோசிக்கணும்.

இரண்டாவது விஷயம், புழு நடக்கும். சாப்பிட்டு முடித்த புழு ஈரமான இடத்தை விட்டு, காய்ந்த, இருட்டான இடம் தேடிக் கிளம்பும். அங்கே போய்த்தான் கூட்டுப்புழு ஆகும். அதனால் புழு கிடக்கும் இடமும் அது வளர்ந்த இடமும் வேறு வேறு. திண்ணையில் கிடக்கிறது என்றால் திண்ணையில் தப்பில்லை. பக்கத்தில் எங்கோ இருந்து அது கிளம்பி வந்திருக்கிறது.

மூன்றாவது விஷயம், இரண்டாவது அலை. கண்ணுக்குத் தெரிந்த புழுவை எல்லாம் கொன்றாலும், அதற்கு முன்பே ஓரத்தில் ஒதுங்கி கூட்டுப்புழு ஆனவை தப்பிவிடும். பழுப்பு நிறத்தில், கம்பு, சோள மணி மாதிரி கிடக்கும் அந்தக் கூடுகளில் இருந்து சில நாட்களில் ஈ வெளியே வரும். அந்த ஈ திரும்ப முட்டை வைக்கும். "அன்னைக்கே கொன்னுட்டேன், மறுபடி வந்துருச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

போடியில ஒரு கணக்கு, போடிமெட்டுல வேற கணக்கு

போடி சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, சுமார் 1,400 மீட்டர் உயரம். கீழே வியர்த்துக் கொட்டும் நாளில் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும்.

இந்த வித்தியாசம் புழுவுக்கும் உண்டு. வெப்பமான இடத்தில் ஒரு வாரத்துக்குள் வளரும் வீட்டு ஈயின் புழு, 12 முதல் 17 டிகிரி குளிரில் வளர இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். போடியில் புழு வந்தால் போன வாரம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். மேலே எஸ்டேட் லயன் வீட்டில் வந்தால் போன மாதம் வரை யோசிக்க வேண்டியிருக்கும்.

சீசனும் முக்கியம். கோடையில் மாம்பழம். தென்மேற்குப் பருவமழை நேரத்தில் கேரளப் பக்கச் சரிவுகள் நனைந்தே கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் போடிப் பக்கம் ஈரம். குளிர்காலத்தில் காபிப் பழம் பறிப்பு, தோல் உரித்த சக்கை குவியும். தோட்டங்களுக்கு மாட்டுச் சாணம், கோழி எரு வந்து இறங்கும் நேரமும் உண்டு. மட்காத கோழி எரு மழையில் நனைந்தால் ஈக்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

இது எந்தப் புழு? பார்த்தே கண்டுபிடிக்கலாம்

எல்லாப் புழுவும் ஈப்புழு இல்லை. முதலில் அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. வெள்ளைப் புழு, ஒரு பக்கம் கூர்மை, கால் இல்லை: வீட்டு ஈயின் புழு. குப்பைத் தொட்டியின் அடிப்பகுதி, தொட்டிக்குக் கீழே வடிந்த தண்ணீர், மாட்டுத் தொழுவம், கோழி எரு, குழந்தைகளின் டயப்பர் கவர் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

2. அதே மாதிரி, ஆனால் கொஞ்சம் தடிமன், கூடவே பச்சை, நீல நிறத்தில் மின்னும் ஈக்கள்: ஏதோ ஒன்று செத்துக் கிடக்கிறது. எலி, பல்லி, பெருச்சாளி, பறவை, பூனைக்குட்டி எதுவாகவும் இருக்கலாம். புழு மேலே இருந்து விழுந்தால் பரண், ஓட்டுக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங் ஆகியவற்றைப் பாருங்கள். வீட்டில் சமீபத்தில் எலி மருந்து வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மருந்து தின்ற எலி வெளியே போய்த்தான் சாகும் என்பது உறுதி இல்லை. பெரும்பாலும் அது பதுங்கும் பொந்திலேயே செத்துவிடும்.

3. பழுப்பு நிறம், தட்டை, தோல் கெட்டி, விரல் கணு நீளம்: இது 'பிளாக் சோல்ஜர்' எனப்படும் கருப்பு ஈயின் புழு. வீட்டு உரக்குழி, கம்போஸ்ட் டிரம், காய்கறிக் கழிவு போடும் இடத்தில் வளரும். வளர்ந்து முடித்ததும், முக்கியமாக டிரம்மில் மழைத்தண்ணீர் இறங்கி ஈரம் கூடும்போது, கூட்டமாக வெளியேறி வீட்டுக்குள் வரும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் கடிக்காது. வளர்ந்த ஈயும் வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டைத் தேடி மொய்க்காது. கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பதால் பல நாடுகளில் இதைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள்.

4. சின்ன வெள்ளைப் புழு, தொட்டால் உடம்பை வளைத்துத் துள்ளிக் குதிக்கும்: பழ ஈயின் புழு. மாம்பழம், கொய்யா வைத்த கூடையைப் பாருங்கள், மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தைப் பாருங்கள். பழம் வெளியே நன்றாகவே இருக்கும். தாய் ஈ தோலில் ஊசி மாதிரி குத்தி உள்ளே முட்டை வைத்திருக்கும். மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆவதற்காகப் புழு பழத்தை விட்டு வெளியே குதிக்கும். மண் கிடைக்காததால் உங்கள் தரையில் அலையும். இதே ஈயால்தான் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அடுத்த ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது.

5. குளியலறையில் மெல்லிய, கருத்த புழு, சுவரில் முடி முடியாகச் சின்ன ஈ: சாக்கடை ஈ. குழாய்க்குள் படிந்திருக்கும் வழவழப்பான பாசியில் வளரும். சந்தேகம் இருந்தால் ராத்திரி தண்ணீர் போகும் ஜல்லடை மேல், பாதி திறப்பை மூடும்படி செலோ டேப் ஒட்டி வையுங்கள். காலையில் டேப்பின் அடிப்பக்கம் ஈ ஒட்டியிருந்தால் இடம் அதுதான்.

6. சுவரில், கூரை மூலையில் ஏறும் கிரீம் நிறப் புழு, தலை பழுப்பு: ஈப்புழு இல்லை, அந்துப்பூச்சியின் புழு. அரிசி, ரவை, கடலை, மிளகாய் மூட்டைகளில் நூலாம்படை மாதிரி கட்டி வளரும். கூட்டுப்புழு ஆக உயரமான இடம் தேடி ஏறும். கீழே அரிசி டப்பாவில் இருக்கும் பிரச்னை மேலே கூரையில் தெரியும்.

7. சுவரில் ஒட்டிக்கொண்டு நகரும் சாம்பல் நிற, வெள்ளரி விதை வடிவச் சின்னக் கூடு: இதுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். மணல், தூசியால் கூடு கட்டி உள்ளே இருக்கும். சிலந்திவலை, முடி, தூசியைத் தின்னும். ஒட்டடை அடித்தாலே குறைந்துவிடும்.

8. முடி நிறைந்த கம்பளிப்பூச்சி: ஏலத்தோட்டப் பகுதியில் இது தனிக் கதை. ஏலச்செடியைத் தின்னும் ஒரு வகைக் கம்பளிப்பூச்சி, பகலில் நிழல் மரங்களின் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கும் வரலாம். இதன் முடி பட்டால் அரிப்பு, தடிப்பு. வெறும் கையால் தொடவோ, துடைப்பத்தால் அடித்து முடியைக் காற்றில் பறக்க விடவோ கூடாது.

மழை பெய்ததும் வரிசையாக வரும் ரயில் பூச்சி, அதாவது மரவட்டை, புழுவே இல்லை. ஈரம் தாங்காமல் மேடு தேடி வருகிறது. கூட்டித் தள்ளினால் போதும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

* கூட்டித் தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். எந்த ஓரத்தில் அதிகம், எங்கே குறைவு? அதிகம் இருக்கும் பக்கம்தான் வரும் வழி.
* ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். ஈப்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டில்தான் ஊர்வலம் போகும்.
* எல்லாவற்றையும் சுத்தமாகக் கூட்டிவிட்டு வாசற்படி, ஜன்னல் ஓரம், குழாய் ஓட்டை என ஒவ்வொரு இடத்திலும் கோலமாவில் மெல்லிய கோடு போடுங்கள். எந்தக் கோடு கலைகிறதோ அந்த வழி.
* மூடிய அறையில் ஜன்னல் கண்ணாடியில் பச்சை ஈ மோதிக்கொண்டே இருந்தால், செத்த உயிர் அந்த அறையிலோ அதன் மேலேயோ இருக்கிறது.
* எதுவும் பிடிபடவில்லையா? நான்கைந்து புழுவை ஒரு பாட்டிலில் கொஞ்சம் மண்ணோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் என்ன பூச்சி வெளியே வருகிறது என்று பார்த்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ அதைக் காட்டிக் கேட்கலாம். விவசாயிகள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணிலும் கேட்கலாம்.

சரி, என்ன செய்யணும்?

முதல் வேலை, மூலத்தை அகற்றுவது. செத்த எலி என்றால் கையுறை அல்லது பாலித்தீன் கவர் மாட்டிக்கொண்டு எடுத்து, இரண்டு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் வீட்டை விட்டுத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். அந்த இடத்தை சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். எடுக்கவே முடியாத இடம் என்றால், ஈ வெளியே வரும் இடுக்கை அடைத்து வையுங்கள். ஒரு எலி காய்ந்து முடியும் வரைதான் இந்தத் தொல்லை.

குப்பைத் தொட்டி என்றால் தொட்டியை மட்டும் கழுவினால் போதாது. தொட்டிக்கு அடியில், பின்னால், சுவர் இடுக்கில் வடிந்து காய்ந்த கசிவையும் சுரண்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மீன், கோழிக் கழிவை செய்தித்தாளில் சுற்றிப் போட்டு மூடி வையுங்கள். குப்பை வண்டி வராத நாட்கள் இருந்தால் அந்தக் கழிவை மட்டும் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு வண்டி வரும்போது எடுத்துப் போடலாம்.

ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும். போடி வெயிலில் முட்டை புழுவாகி நடக்க ஒரு வாரம் கூட வேண்டாம். அதனால் ஈரக் கழிவு எதுவும் வீட்டில் மூன்று நாளைத் தாண்டக் கூடாது. இதை மட்டும் கடைப்பிடித்தாலே ஈப்புழு வளர்ந்து நடக்க நேரம் கிடைக்காது.

தரையில் இருக்கும் புழுவை முறத்தில் அள்ளி சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் போடுங்கள். வெந்நீர் ஊற்றலாம், ஆனால் அது கண்ணில் படும் புழுவை மட்டும்தான் கொல்லும். பிவிசி குழாயில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாய் இளகிவிடும். ஓரங்களில் கிடக்கும் பழுப்புக் கூடுகளையும் சேர்த்துக் கூட்டி எடுப்பதுதான் இரண்டாவது அலையைத் தடுக்கும்.

சாக்கடை ஈ என்றால் பினாயில் ஊற்றிப் பயனில்லை. அது பாசியின் மேலே ஓடிப் போய்விடும். நீளமான பிரஷ் போட்டு, குழாயின் உட்பக்கத்தைத் தேய்த்துப் பாசியை எடுக்கணும்.

கம்போஸ்ட் டிரம் என்றால் ஈரத்தைக் குறைக்கணும். தென்னை நார்க் கழிவு, சருகு, மரத்தூள் போட்டுக் கிளறி, மழை படாமல் மூடுங்கள். டிரம்மை வாசல், சமையலறைப் பக்கம் இருந்து தள்ளி வையுங்கள்.

மாம்பழம் என்றால் விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கணும். அதை மரத்தடியிலேயே குவித்தால் அடுத்த தலைமுறை ஈக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆண் ஈக்களை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியை வேளாண் துறையிடம் கேட்டு வைக்கலாம்.

அரிசி, பருப்பு என்றால் நூல் கட்டியதைத் தனியே எடுத்து அப்புறப்படுத்துங்கள். மற்றதைச் சலித்து வெயிலில் காயப்போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். டப்பாவின் மூடித் திருகு, அலமாரி இடுக்கைத் துடைக்க மறக்காதீர்கள்.

கோழி எரு என்றால் மட்கிய பிறகுதான் தோட்டத்துக்கு எடுக்கணும். வீட்டுப் பக்கம் இறக்கி வைத்திருந்தால் நனையாமல் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க!

ஏலக்காய், மா, பருத்தி, திராட்சை விளையும் பகுதி என்பதால் பல வீடுகளில் பூச்சிமருந்து பாட்டில் இருக்கும். "தோட்டத்துப் புழுவே சாகுது, வீட்டுப் புழு சாகாதா?" என்று தோன்றும். தோட்டத்தில் காற்றும் வெயிலும் இருக்கிறது. மூடிய வீட்டுக்குள் அந்த நெடி தங்கும். தரையில் தவழும் குழந்தைதான் அதை முதலில் தொடும்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற விவசாயப் பூச்சிமருந்து. வயலுக்கான மருந்து சமையலறைப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடி பரவியதில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எலிக்கு வைத்த மருந்துதான். ஆனால் அதே அறையில் மனிதர்கள் தூங்கினார்கள்.

எனவே:

* விவசாயப் பூச்சிமருந்தை வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது. தண்ணீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது.
* எலிக்கு மருந்தைவிட எலிப்பொறி நல்லது. செத்த எலி எங்கே என்று தேட வேண்டியதும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு.
* பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும்.
* மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது வேண்டாம்.

தப்பித் தவறி யாருக்காவது மருந்து உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800-116-117.

புழுவால உடம்புக்கு ஆபத்தா?

தரையில் கிடக்கும் புழு கடிக்காது, தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. உண்மையான ஆபத்து அது வளர்ந்து ஈ ஆன பிறகுதான். கழிவில் உட்கார்ந்த ஈ சோற்றில் வந்து உட்காரும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு கிருமிகளைக் காலிலும் வாயிலும் தூக்கிக்கொண்டு வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதுதான் ஆறாத புண். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் ஈ மொய்த்தால் புண்ணிலும் முட்டை வைக்கலாம். உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈ இந்தியாவிலும் உண்டு. ஆடு மாடுகளின் காயத்தில், கன்றுக்குட்டியின் தொப்புளில் புழு வைப்பது பெரும்பாலும் இதுதான்.

மனிதர்களின் புண்ணில் புழு தெரிந்தால் மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதையும் வீட்டில் ஊற்றாமல் போடி அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். ஆடு மாடு என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். "புண்ணுல புழு வச்சுருச்சு"ன்னு சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைப்பதால்தான் பல கால்கள் காப்பாற்ற முடியாமல் போகின்றன.

கம்பளிப்பூச்சி முடி பட்டால் தேய்க்காதீர்கள். செலோ டேப்பை ஒட்டி எடுத்து முடியை அகற்றி, சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"யாரோ ஏதோ வச்சுட்டாங்க..."

காரணம் தெரியாத எதற்கும் மனசு ஒரு காரணம் தேடும். புழு விஷயத்தில் அது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆள் மீதோ, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் மீதோ போய் நிற்கும். பரிகாரத்துக்குச் செலவு ஆகும். அது போக, உறவும் முறியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரிகாரம் செய்த பல வீடுகளில் புழு நின்றுவிடும். ஏன்? செத்த எலி அதற்குள் காய்ந்து போயிருக்கும். மாம்பழ சீசன் முடிந்திருக்கும். மழை விட்டிருக்கும். எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றிருக்கும். அதனால் யார் மீதும் சந்தேகப்படுவதற்கு முன் பரணில் ஏறி ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம்ம வீட்டுல தப்பில்ல, பக்கத்துல இருந்து வந்தா?

சில நேரம் மூலம் உங்கள் கையில் இருக்காது. அள்ளப்படாத குப்பை மேடு, கழிவு கொட்டும் ஓடை, பண்ணை என ஏதாவது காரணமாக இருக்கும். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் கோழிப்பண்ணை அருகே உள்ள கிராமத்தில் ஈத் தொல்லை தாங்காமல் மருமகள்கள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகவும், அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே தயங்குவதாகவும் 2022 இறுதியில் செய்திகள் வந்தன. ஈ என்பது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939ன் கீழ் இப்படிப்பட்ட சுகாதாரக் கேட்டை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சியின் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. போடி நகருக்குள் என்றால் நகராட்சி சுகாதாரப் பிரிவில் மனு கொடுக்கலாம். கிராமம் என்றால் ஊராட்சியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடமும் சொல்லலாம். நடவடிக்கை இல்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100. தேனி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். தேதியோடு எடுத்த போட்டோ, தெருவில் எத்தனை வீட்டில் இதே தொல்லை என்ற கையெழுத்து இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

மாநில எல்லையைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் எஸ்டேட் லயனில் தங்குபவர்கள் அங்கே உள்ள பஞ்சாயத்திலும் சுகாதார நிலையத்திலும் முறையிட வேண்டும். லயன் வீட்டில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஒரே கூரை, ஒரே சாக்கடை என்பதால் மொத்த வரிசையும் ஒரே நாளில் செய்தால்தான் நிற்கும்.

சுருக்கமா ஞாபகம் வெச்சுக்க...

* புழு தானா வராது. முட்டை வைத்த இடம் ஒன்று கண்டிப்பா இருக்கும்.
* கிடக்கிற இடம் வேறு, வளர்ந்த இடம் வேறு. வழியைப் பின்தொடருங்கள்.
* இன்றைக்குத் தெரியும் புழுவுக்குக் காரணம் போன வாரம். மலை மேலே என்றால் இன்னும் முன்னால்.
* மேலே இருந்து விழுந்தால் எலி, துள்ளினால் மாம்பழம், சுவரில் ஏறினால் அரிசி டப்பா, பாத்ரூமில் என்றால் குழாய்ப் பாசி.
* பழுப்புக் கூட்டையும் சேர்த்து அள்ளுங்கள்.
* ஈரக் கழிவு மூன்று நாளைத் தாண்டக் கூடாது.
* தோட்டத்து மருந்து தோட்டத்தோடு இருக்கட்டும்.

அடுத்த தடவை திண்ணையில் நெளியும்போது வெந்நீர்ப் பானையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பதில் பெரும்பாலும் பத்தடிக்குள்தான் இருக்கும்.